மஞ்சள் வீலும் சிவப்பு நட்டும்

அடேய் சகாயம், என் தங்கமே,

திட்டிக்கொண்டேதான் ஆரம்பிக்கிறேன். உயிரோடு இருந்தபோதும் உன்னை நான் வேறு எப்படிக் கூப்பிட்டேன்? நீ போனை எடுத்ததும் "எங்கடா தொலைஞ்ச?" என்பேன். "வந்துக்கினே இருக்கேன்க்கா" என்பாய். திண்டிவனத்தில் உன் வீல் அலைன்மென்ட் கடையை விட்டு ஒரு அடிகூட நகர்ந்திருக்க மாட்டாய். இப்போதும் அதையேதான் கேட்கிறேன். எங்கேடா தொலைந்தாய்?

உன் ரேஸ் கிளப்காரர்கள் உன் பேரில் ஒரு நினைவுப் போட்டி வைக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை, கோலியனூர் தாண்டி அதே தரிசில், நீ கவிழ்ந்த அதே மண் தடத்தில். பேனரில் நீ ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரிக்கிறாய். ஒரு மலரும் அச்சடித்து அங்கேயே எல்லாருக்கும் கொடுக்கப் போகிறார்களாம். "அக்கா, தம்பியப் பத்தி நாலு வரி உருக்கமா எழுதிக் குடுங்க" என்று விழுப்புரத்துக்குத் தேடி வந்து என் நட்டு போல்ட் கடை வாசலில் நின்றார்கள். உன்னை அடக்கம் பண்ணின அன்றைக்குப் பிறகு இப்போதுதான் அவர்கள் மூஞ்சியைப் பார்க்கிறேன். நாலு வரி போதுமாம். உருக்கமாக வேறு இருக்க வேண்டுமாம். சரி என்று தலையாட்டினேன். நாலு வரியோடு நிறுத்துகிறவளா நான் என்பது உனக்குத் தெரியும், பாவம், அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மாமாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. மல்லாட்டை வெல்ல உருண்டையை வாஷர் டப்பாவுக்குள் ஒளித்து வைத்துத் தின்கிறார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. கடை நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், நொண்டுகிறது. அதற்கும் காரணம் நீதான்.

போன வாரம் மேல்மலையனூரிலிருந்து ஒரு வேன்காரர் வந்தார். வீல் நட்டு வேண்டும் என்றார். எடுத்து வைத்தேன். ஒன்றைக் கையில் எடுத்தார், உருட்டினார், வைத்தார். மறுபடி எடுத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்கக்கா. இது அந்த ரேஸ் கார்ல போட்ட நட்டு இல்லையே?"

"அதேதான்" என்றேன். "அதே கம்பெனி, அதே டப்பா. வேணும்னா எடு, இல்லன்னா நடையக் கட்டு."

போய்விட்டார். உன் மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறென்ன சொல்லச் சொல்கிறாய்? இல்லை, இது நல்ல நட்டு, அதுதான் கெட்ட நட்டு என்றா? தம்பியைக் காவு வாங்கின கடை என்று ஊரே பேர் வைத்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்து விளக்கிக்கொண்டிருக்கவா முடியும்?

அந்த நட்டை உனக்கு நான் எப்படிப் பொறுக்கித் தந்தேன் என்று இந்த மலரைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நீ பொறுத்துக்கொள்.

வீட்டுக் காரில் வீலைக் கழற்றுவதே அபூர்வம். ரேஸ் பைத்தியங்களோ காலையில் கழற்றி, மதியம் கழற்றி, பொழுது சாய வீட்டுக்கு வருவதற்கு இன்னொரு முறை கழற்றுகிறீர்கள். புழுதி அடங்கத் தண்ணீர் லாரி விட்டுத் தடத்தை நனைப்பார்கள். ஈரத்துக்கு ஒரு டயர். வெயிலில் தடம் காய்ந்ததும் வேறு டயர். ஒவ்வொரு மாற்றலுக்கும் நட்டு போல்ட்டின் மரையில் ஏறி இறங்குகிறது, ரெஞ்ச் சாக்கெட் அதன் மூலைகளைக் கடிக்கிறது. வீட்டுக் காருக்குப் போடும் நட்டு இந்தப் பாட்டுக்குத் தாங்காது.

நீ முதலில் கேட்டது அதுவா? இல்லையே. போனில் ஒரு படத்தைக் காட்டினாய். ஊதா நிறத்தில் அலுமினிய நட்டு.

"வெயிட்டு கம்மிக்கா. பாக்கவும் கெத்தா இருக்கும்."

"அலுமினியம் சோத்துக் குண்டானுக்கு நல்லாருக்கும்டா. நாலு தடவ கழட்டி மாட்டுனா மரை வழுக்கிடும். அப்புறம் உன் கெத்த எங்க வெச்சிக்குவ?"

சரி, பளபளவென்று தகடு மூடின நட்டாவது கொடு என்றாய். அதையும் தள்ளி வைத்தேன். அது இரண்டு துண்டு. சாக்கெட் கடிக்கக் கடிக்க மேல்தகடு உப்பிக்கொள்ளும். கடைசியில் அவசரத்துக்கு நட்டு கழலாது, தகடு மட்டும் கையோடு வரும். உனக்கு நான் கொடுத்தது ஒரே துண்டாக அடித்துச் செய்த எஃகு நட்டு. கறுப்பு, பார்க்க ஒரு அழகும் கிடையாது. இரண்டு பக்கமும் திறந்தது, வீல் போல்ட் நுனி வெளியே எட்டிப் பார்க்கும், மரை முழுக்கப் பிடித்திருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும். அடிப்பக்கம் கூம்பு. உன் அலாய் வீலின் ஓட்டையிலும் அதே கூம்புப் பள்ளம். இரண்டும் ஒட்டி உட்கார்ந்தால்தான் வீல் நிற்கும். சில வீலுக்கு அந்தப் பள்ளம் உருண்டையாக இருக்கும், அதற்கு இது ஆகாது.

ஒவ்வொன்றையும் விரலாலேயே போல்ட்டில் ஏற்றிப் பார்த்தேன். கொஞ்சம் இழுத்தாலும் ஒதுக்கினேன். "கத்திரிக்கா பொறுக்குறாப்ல பொறுக்குறியேக்கா" என்று சிரித்தாய். ஆமாம்டா, உனக்காகத்தானே பொறுக்கினேன்.

கூடவே ஒரு டார்க் ரெஞ்சும் கொடுத்தேன், அளவு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ரெஞ்ச். முதல் சுற்றுகளைக் கையால் ஏற்று, குறுக்கும் மறுக்குமாக இறுக்கு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து திரும்ப இறுக்கு. இதெல்லாம் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. உன் கடைக்கு வருகிற ஒவ்வொரு கார்காரனிடமும் நீயே ஓதுகிற மந்திரம்தான். நட்டுக்கும் வீலுக்கும் நடுவில் எதுவும் இருக்கக் கூடாது, கிரீஸ் கூடாது, மண் கூடாது, பெயிண்ட் கூடாது என்று ஓதுகிறவனும் நீதான். அப்புறம் எப்படிடா?

எப்படி என்று எனக்குத் தெரியும். இத்தனை நாள் தொண்டையில் வைத்திருந்தேன்.

உன் பெண்டாட்டி அமலா லாரி பெயிண்ட் ஷெட்டில் வளர்ந்தவள். அவள் அப்பா ஷெட்டில் ஆயுத பூஜைக்கும், மாதா கோயில் திருவிழாவில் வண்டி மந்திரிக்கும் நாளுக்கும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வீலுக்கு மஞ்சள், நட்டுக்குச் சிவப்பு. அது இல்லாமல் லாரி சாமியார் தண்ணீர் தெளிக்கும் இடத்துக்குப் போகாது. இந்த ஊர்ப்பக்கம் அதுதான் வண்டிக்கு அலங்காரம். உன் வண்டியையும் மந்திரிக்கக் கொண்டுபோகிறாய் என்றதும் அமலா பிரஷ்ஷை எடுத்துவிட்டாள். அவள் அப்பா நட்டை இறுக்கி முடித்த பிறகு மேலாகத்தான் பூசுவார். இவளுக்கு அது போதவில்லை. புருஷன் வண்டி இல்லையா, நேர்த்தியாக இருக்க வேண்டுமே! வீலைக் கழற்றிப் படுக்கப் போட்டு ஓட்டைக்குள்ளும் பூசினாள். நட்டைத் தனியாக அடுக்கி வைத்துக் கூம்பிலும் பூசினாள்.

போட்டிக்கு முந்தின நாள் நீ அந்தப் போட்டோவை அனுப்பினாய். பழைய பேப்பர் விரித்து, மஞ்சள் வீல்கள், பக்கத்தில் பலகையில் சிவப்பு நட்டுகள். பார்த்த உடனே போன் போட்டேன்.

"ஏன்டா, ஓட்டைக்குள்ளயும் பெயிண்ட் இருக்கு?"

"அமலாதான்க்கா. ரெண்டு கோட்டு. ஜோரா இல்ல?"

"ஜோரு கெடக்கட்டும். நட்டு உக்கார்ற எடத்த சுரண்டி எடு. நட்டையும் தொட."

"ஆசையா குந்திக்கினு அடிச்சிருக்காக்கா. இப்ப போய் சுரண்டுனா மூஞ்சி தொங்கிடும் அவளுக்கு. ரெண்டு ரவுண்டு போய்ட்டு வந்து திருப்பி டைட் பண்ணிக்கிறேன், வுடு."

நான் கத்தினேன். நீ சிரித்தாய். "பேஜாரு பண்ணாதக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கேட்ட உன் கடைசி வார்த்தை அதுதான். அக்காவுக்கு விட்டுப்போக வேறு நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா உனக்கு?

மறுநாள் ஈரத்தில் ஒரு ஓட்டம் முடித்து, காய்ந்த தடத்துக்கு அந்த மஞ்சள் வீல்களை மாட்டினாய். ரெஞ்ச் 'டக்' என்றுதான் சொல்லியிருக்கும். அது இறுகினது பெயிண்ட்டின் மேல். அதற்கு என்ன தெரியும், பாவம். சுற்றிவிட்டு வந்து திரும்ப இறுக்கலாம் என்று நினைத்தாய். அதற்குள் "ஜல்தி, ஜல்தி, வரிசைக்கு வா" என்று கொடியை ஆட்டினார்களாம். நீயும் போய்விட்டாய். பிரேக் சூட்டில் பெயிண்ட் நசுங்கி வெளியேற, அது இருந்த இடம் காலியாக, நட்டு தளர்ந்தது. வளைவில் முன் வீல் தனியாக ஓடியது. வண்டி உருண்டது. கம்பிக் கூண்டு இருந்தது, ஹெல்மெட் இருந்தது, பெல்ட் இருந்தது. உன் கழுத்துதான் தாங்கவில்லை.

மண்ணில் பொறுக்கி எடுத்த நட்டுகளைப் பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். வேறொரு போல்ட்டில் விரலால் ஏற்றினேன். இழுக்காமல் ஏறின. மரை மரையாகவே இருந்தது. கூம்பில் மட்டும் சிவப்பு பெயிண்ட் வழித்து ஒதுக்கின மாதிரி சுருண்டு கிடந்தது. வீல் ஓட்டையிலும் மஞ்சள் அப்படித்தான் சுருண்டு கிடந்தது. என் நட்டில் குற்றம் இல்லை என்று அன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது தெரிந்து நான் பட்ட வேதனை இருக்கிறதே, தெரியாமலே இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அதற்கு முன்பே, கல்லறையில், உன் பெட்டிக்கு மேல் மண் தள்ளிக்கொண்டிருக்கும்போதே, அமலா எல்லார் முன்னாலும் என் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள். "உங்க கடை நட்டுதான் அண்ணி என் தாலிய அறுத்துச்சி!" சாமியாரே ஜெபத்தை நிறுத்திவிட்டார். நான் வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான், பெயிண்ட். அதைச் சொன்னால் அவளும் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கியிருப்பாள். பிறகு நட்டுகளைப் பார்த்த போதும் சொல்லவில்லை. ஊர் பேசியது, பேசட்டும் என்று விட்டேன். அவள் என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என் கடை, என் பேர், எல்லாம் போனது. உன் பெண்டாட்டியாவது சோறு தின்று தூங்கட்டும் என்று இருந்தேன்.

இப்படியே என் காலம் கழிந்திருக்கும். போன ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், அமலாவின் அண்ணன் ஜெரால்டு போன் பண்ணினான்.

"அக்கா, மாப்ள வண்டிய நிமித்தியாச்சி. மாப்ள பேர்ல ஒரு ரவுண்டு நானே ஓட்டப் போறேன். நீங்க கண்டிப்பா வரணும். அமலாதான் வீலுக்கு பெயிண்ட் அடிச்சிக்கினு இருக்கா. அன்னிக்கி இருந்தாப்லயே இருக்கணும்னு சொல்லிட்டா."

ஜெரால்டுக்கு இரண்டு பெண் குழந்தைகள், சின்னது இன்னும் பால் குடி மறக்கவில்லை.

மறுநாள் காலை திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். பையில் புது நட்டுகள், ஒரு கம்பி பிரஷ், கொஞ்சம் தின்னர். விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேன். என் நட்டுதான் மோசம், ஒத்துக்கொள்கிறேன், அதனால் புதுசு கொண்டு வந்திருக்கிறேன், நானே மாட்டித் தருகிறேன் என்று சொல்லிவிடுவது. பழி என் மேல் ஏற்கெனவே இருக்கிறது. வாயாலும் ஒத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? அவளுக்குத் தெரியாமல் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டால் ஜெரால்டும் பிழைப்பான், அவளும் பிழைப்பாள்.

ஷெட்டில் அமலா தனியாக உட்கார்ந்திருந்தாள். மெலிந்துவிட்டாள்டா. கைகளில் மஞ்சள். வீல்கள் படுத்துக் கிடந்தன. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் தயார் பண்ணினதை ஒப்பித்தேன்.

"என் நட்டுதான் தப்பு அமலா. நீ சொன்னது நெசம். இது நல்ல நட்டு, இதையே போடுங்க."

அவள் அழுதாள். இத்தனை நாள் கழித்து நான் ஒத்துக்கொண்டதற்கு அழுதாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு வீலை என் பக்கம் இழுத்து, ஓட்டைக்குள் பிரஷ்ஷை விட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன். மஞ்சள் செதில் செதிலாக வந்தது.

"அண்ணி."

"என்னம்மா?"

"நட்டுதான் தப்புன்னா, நட்ட மாத்திட்டு போங்க. எதுக்கு பெயிண்ட்ட சுரண்டுறீங்க?"

லாரி ஷெட்டில் பிறந்தவளிடம் நான் பொய் சொல்லக் கிளம்பினேன் பார்! கை நின்றுவிட்டது. இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். துரு, அழுக்கு, ஏதாவது. நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. அப்போது உன் குரல் கேட்டது. மூஞ்சி தொங்கிடும் அவளுக்கு, வுடு. நீ செய்ததையே நானும் செய்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அவள் மனசு நோகக் கூடாது என்று நீ வாயை மூடினாய், செத்தாய். நானும் வாயை மூடினால், அடுத்த வருஷம் அவள் இன்னொருத்தர் வீலுக்குப் பூசுவாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கூம்பு, பள்ளம், நசுங்கின பெயிண்ட், அந்த நட்டுகள். என் கண் வீலை விட்டு நிமிரவில்லை.

அவள் கத்துவாள், மயங்கி விழுவாள் என்று பயந்தேன். ஒன்றும் இல்லை. மஞ்சள் ஒட்டின தன் கையைப் பார்த்தாள். பிறகு கேட்டாளே ஒரு கேள்வி!

"அவருக்கு தெரியுமா?"

என்னடா சொல்வேன்? நீயே வந்து சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. "தெரியும்" என்றேன். "சுரண்டச் சொன்னேன். உன் மூஞ்சி தொங்கிடும்னு சொல்லிட்டான்."

"அவ்ளோதானா?" என்றாள். "அதுக்கா? ஒரு நாள் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருந்திருப்பேன் அண்ணி. மறுநா சோறு போட்டிருப்பேன். ஒரு நாள்தானே?"

கேட்டாயா சகாயம்? ஒரு நாள்தானாம். அந்த ஒரு நாள் கோபத்துக்குப் பயந்து அவள் ஆயுசு பூராவையும் இப்படிப் பண்ணிவிட்டுப் போயிருக்கிறாய். அன்பாம் அன்பு! உன் அன்பில் தீயை வைக்க. வளைவில் காரைப் பக்கவாட்டில் வழுக்க விடத் தைரியம் இருந்தது உனக்கு. பெண்டாட்டியிடம் "இத சுரண்டணும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லையா?

அவள் என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கினாள். நான்கு வீலையும் அவளே தேய்த்தாள். ஓட்டைப் பள்ளம் ஒவ்வொன்றும் உலோகம் தெரிகிற வரை விடவில்லை. நான் தின்னர் ஊற்றினேன், அவள் துடைத்தாள். ஜெரால்டு வந்து என்னவென்று புரியாமல் நின்றான். பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது மலரைப் பற்றிச் சொன்னேன், நாலு வரி கேட்கிறார்கள் என்று. "முழுசா எழுதுங்க அண்ணி" என்றாள். "நான்தான் பூசுனேன்னு எழுதுங்க. இனிமே ஒருத்தியும் பூசக் கூடாது."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். இனிமேல் ஊர் அவளைப் பேசும். என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பும். பேசுகிற வாய்க்கு நட்டானால் என்ன, பெயிண்ட் ஆனால் என்ன? ராத்திரியில் அவள் தூங்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. போனில் கேட்டால் "தூங்குறேன் அண்ணி" என்கிறாள். நான் செய்தது சரியா சகாயம்? உன்னிடம்தான் கேட்கிறேன், சிரித்து மழுப்பாதே.

ஞாயிற்றுக்கிழமை தடத்துக்கு நான் வருகிறேன். அமலாவும் வருகிறாள். நட்டு கறுப்பாகவே இருக்கும். கையால் ஏற்றுவது நான், ரெஞ்ச் பிடிப்பது அவள். ஒரு சுற்று முடிந்ததும் ஜெரால்டு வண்டியை ஓரம் கட்டியாக வேண்டும். திரும்ப இறுக்காமல் அந்த வண்டி நகராது. எவன் கொடி ஆட்டி ஜல்தி என்று கத்தினாலும் சரி, வண்டிக்கு முன்னால் நான் நிற்பேன். வேண்டுமானால் என்னை ஏற்றிவிட்டுப் போகட்டும். இது உன் மேல் சத்தியம்.

பேஜாரு பண்ணாதே என்றாயே, அதைக் கேட்டு நான் பேஜாரு பண்ணாமல் விட்டது உன் ஒருத்தனுக்குத்தான். இனி யாருக்கும் விட மாட்டேன்.

உன்னைத் திட்டித் தீராத
உன் அக்கா
பிலோமினா